இரண்டு வீட்டு மெசின்

ஸஹீத் எஞ்சின் திருத்துகிறவன். சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டி அவனுக்கு ஒரு தகரக் கொட்டில் இருந்தது. முன்பெல்லாம் தோணி எஞ்சின்கள் அங்கே வரிசையாகத் தொங்கும். திருத்திக் கொடுக்க நேரம் போதாது. பிறகு யுத்தத்தால் கடலுக்குப் போகிற நேரத்துக்குக் கட்டுப்பாடு, எஞ்சினின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு என்று வந்தது. பாதித் தோணிகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரி தொடங்கியபோது கொட்டிலில் மிஞ்சியிருந்தவை இரண்டே எஞ்சின்கள். இரண்டுக்கும் கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும், வரவில்லை. அவன் காலையில் போய்க் கொட்டிலைக் கூட்டுவான், கருவிகளைத் துடைத்து வைப்பான், நண்பகல் ளுஹர் பாங்குக்கு முன்னால் வீடு திரும்புவான். மனைவி பஹ்மிதா ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் அவனுக்குக் கூடுதல் எரிச்சல்.

வீடு அவளுடைய தையலில் ஓடியது. அவளுக்கென்று மெசின் கிடையாது. மச்சி முறையான சுபைறாவின் வீட்டுக்குப் போய் அங்குள்ள மெசினில் தைத்துவிட்டு வருவாள். சுபைறாவின் மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் அந்த மெசினும் சீதனச் சாமான்களோடு மருதமுனைக்கு ஏறிவிட்டது. அன்று பஹ்மிதா வெட்டிய துணிகளை அப்படியே கையில் கொண்டு திரும்பி வந்தாள். நோன்புப் பெருநாளுக்கு அயலவர்கள் பிள்ளைகளின் சட்டைக்குக் கொடுத்த துணிகள் அவை. வாங்கியாகிவிட்டது, இல்லையென்று திருப்பிக் கொடுக்க அவளுக்கு முகமில்லை.

பின்னேரம் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். உள்ளே அவளுடைய மௌத்தான உம்மாவின் கை மெசின் இருந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் சுவர் விழுந்து, இரண்டு நாள் மழையில் நனைந்து, அதற்குப் பிறகு ஒருவரும் தொடாத மெசின். கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூக்கள் அங்கங்கே தெரிந்தன. மற்ற இடமெல்லாம் செங்கல் நிறத்தில் துரு. அவள் சில்லைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"இது இனிச் சரிவருமா?" என்று கேட்டாள்.

ஸஹீத் குனிந்து பார்த்தான். நாற்பது குதிரை எஞ்சினைத் தூக்கிக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தது. "மூணு நாள் தா. சுபைறாட மெசின விட நல்லா ஓட வெச்சுத் தாறன்" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டான். பஹ்மிதா அதை முகத்தில் காட்டாமல் சாக்கை மடித்து வைத்தாள்.

மூன்று நாளில் அவனால் மூன்று திருகாணிகளைத்தான் கழற்ற முடிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தான். தட்டிப் பார்த்தான். நான்காவது ஆணியின் தலை முறிந்து கையோடு வந்தது. பழைய ஆட்கள் மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள். அது உள்ளே காய்ந்து பிசின்போல இறுகியிருந்தது. அதைச் சுரண்ட ஊசி, பழைய பல்துலக்கி, கோழி இறகு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தான். எஞ்சினில் எல்லாம் பெரிது. கையை விட்டுத் தடவினால் எது எங்கே என்று தெரியும். இங்கே விரல் நுனியும் போகவில்லை. கீழே விழுந்த ஒரு சின்ன ஆணியைத் தேடி அரை நாள் மணலை அரித்தான். பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் சத்தம் போட்டான்.

இரண்டாவது கிழமையில் ஒரு நாள் சில்லு கொஞ்சம் அசைந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினான். அரைச் சுற்று வந்தது, பிறகு முழுச் சுற்றும் வந்தது. "பஹ்மிதா, இஞ்ச வா, கிறுகிது" என்று கூப்பிட்டான். அவள் ஈரக்கையோடு வந்து நின்று, சில்லு சுற்றுவதையும் ஊசித்தண்டு ஏறி இறங்குவதையும் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்துக் கதைத்தார்கள். அதுவே கடைசி.

நூல் கோத்துத் தைத்துப் பார்த்தால், ஊசி துணியைக் குத்தியது, தையல் விழவில்லை. விழுந்த இடத்தில் நூல் அறுந்தது. அது பழைய மாதிரி மெசின். கீழே வட்டமான கூட்டுக்குப் பதிலாக, விரல் நீளத்தில் ஒரு உருக்குத் துண்டு முன்னும் பின்னும் ஓடும். பார்க்கச் சின்னப் படகு மாதிரி இருக்கும், முன்பக்கம் கூர்மூக்கு. அதன் வயிற்றுக்குள் அடிநூல் சுற்றிய உருளை. ஊசி கொண்டுவருகிற மேல்நூலின் வளையத்துக்குள் அந்தப் படகு நுழைந்து போனால்தான் ஒரு தையல் விழும். இந்தப் படகின் உடம்பு முழுக்கத் துரு அரித்து, அம்மைத் தழும்புபோலக் குழிகள். நூல் அந்தக் குழிகளில் சிக்கி அறுந்தது.

எமரிக் கடதாசியால் தேய்த்தால் வழுவழுப்பாகிவிடும் என்று ஸஹீத் நினைத்தான். எஞ்சின் பிஸ்டனை அப்படித் தேய்த்தவன்தானே. குழிகள் ஆழமாக இருந்தன. அவன் இன்னும் தேய்த்தான். அப்போது நோன்பு தொடங்கிவிட்டது. தேத்தண்ணீரும் இல்லை, சிகரெட்டும் இல்லை; தலை இடித்தது. கையால் தேய்த்துச் சலித்து, கொட்டிலில் இருந்த சாணைக்கல்லில் பிடித்தான். ஒரு கணம். மூக்கு நுனி பொறி பறந்து நெல்லளவு போய்விட்டது. குழிகள் இப்போது இல்லை. வளையத்தைப் பிடிக்கக் கூரும் இல்லை. திரும்பப் பூட்டிச் சுழற்றினான். படகு மேல்நூலைத் தொடாமலே போய் வந்தது.

அவன் அந்த இடத்திலேயே குந்திக்கொண்டு நெடுநேரம் இருந்தான். பஹ்மிதா கேட்டபோது, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னான். பொய் சொன்ன கோபத்தில் நோன்பு திறந்த பிறகும் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்முனை பஸாரில் அந்த மாதிரிப் படகு எங்கும் இல்லை. கடைக்காரர்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தக் காலத்து மெசின் என்று கேட்டார்கள். கடைசியில் காரைதீவுச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அழகரெத்தினம்தான் ஒரு வழி சொன்னார். எஞ்சின் சாமான் வாங்கிக் கொடுத்த பழக்கத்தில் அவர் ஸஹீதுக்கு வேண்டியவர். அவருடைய ஒழுங்கையில் கேதீஸ்வரி என்றொரு பெண் இருக்கிறாளாம். முன்பு ஊருக்கெல்லாம் தைத்தவளாம். அவளிடம் இதே மாதிரி மெசின் ஒன்று உடைந்து கிடக்கிறதாம்.

சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் நடுவில் வயலும் ஒரு சோதனைச் சாவடியும்தான். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஸஹீத் சந்தியைத் தாண்டி உள் ஒழுங்கைக்குள் போனதில்லை. அழகரெத்தினம் கூட வந்து வாசலில் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

கேதீஸ்வரிக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். வீட்டின் ஒரு பக்கம் புதுக் கல், மறுபக்கம் கரிபிடித்த பழைய சுவர். தொண்ணூறில் அவளுடைய புருஷன் குணம் என்பவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி விடவில்லை. வீடு எரிந்த நாளில் அவள் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தஞ்சம் தேடிக் கோயிலுக்கு ஓடியபோது வழியில் அது விழுந்தது. வார்ப்பிரும்பு உடம்பு கழுத்தில் இரண்டாகப் போய்விட்டது. அழகரெத்தினம் வரும் வழியில் சொன்ன கதை இது. அவள் சொன்னது, மெசின் உடைஞ்சுபோச்சு என்பது மட்டும்.

உடைந்த உடம்பை அவள் கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஒரு பவுடர் டின்னைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த படகை எடுத்துக் காட்டினாள். வெள்ளி மீன்போல மின்னியது. ஸஹீத் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

விலைக்குத் தரும்படி கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். வேறு எதுவும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், இது மட்டும் இல்லை என்றாள். அவன் விளக்கினான்: உடைந்த உடம்பை வைத்துக்கொண்டு இந்தப் படகால் என்ன பிரயோசனம்? ஒரு காலமும் ஓடாத மெசினுக்கு இது எதற்கு?

"அது சரி தம்பி" என்றாள் கேதீஸ்வரி. "ஒங்கட மெசினும் ஓடாதுதானே. அந்த உடம்ப எனக்குத் தாங்களன். நான் பூட்டித் தைக்கிறன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு மெசினையும் சேர்த்தால் ஒன்றைத்தான் உண்டாக்கலாம். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவன் நினைத்ததைப் போலவே அவளும் நினைத்தாள். அது என் மனைவியின் உம்மாவின் சாமான், எப்படித் தர ஏலும் என்றான். அவள் டின்னை மூடினாள். வெயிலில் சைக்கிளை மிதித்துத் திரும்பும்போது அவனுக்கு வந்த ஆத்திரம் அவள்மேலா, சாணைக்கல்மேலா என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த கிழமை முழுக்கத் தானே ஒரு படகு செய்யப் பார்த்தான். பழைய எஞ்சின் தண்டொன்றை வெட்டி அராவினான். முதலாவது தடித்துப்போய் ஓடுபாதையில் இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது, ஆனால் வயிற்றைக் குடைந்தபோது பிளந்தது. மூன்றாவதற்குப் பித்தளை ஒட்டி மூக்கு வைத்தான். மூக்கு ஊசியில் இடித்து வளைந்து, ஊசியும் முறிந்தது. வீட்டிலிருந்த கடைசி ஊசி அது. அவன் ஸ்குறூ ட்ரைவரைத் தகரத்தில் எறிந்த சத்தம் கேட்டுப் பஹ்மிதா கொட்டிலுக்கு வந்தாள்.

மேசையில் உடைந்ததும் வளைந்ததுமாக மூன்று துண்டுகள் கிடந்தன. பக்கத்தில் உம்மாவின் படகு, மூக்கில்லாமல். அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எப்ப நடந்த?"

அவன் சொன்னான். காரைதீவுக்குப் போனதையும் சேர்த்துச் சொன்னான்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா என்ன செய்வாய்?"

"துணியத் திருப்பிக் குடுத்திருப்பன். சனம் வேற ஆக்களிட்டக் குடுத்திருக்கும்." அவளுடைய குரல் உயரவில்லை. "பெருநாளுக்கு இன்னும் எத்தின நாள் கிடக்கு? நீங்க எஞ்சின்காரன் எண்டு காட்ட, நான் ஊருக்கெல்லாம் பொய்க்காரியாகணுமா?"

எந்த வேலையும் இல்லாத மனிதன் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு என்ன சொல்வது? அவள் படகை மேசையில் வைத்துவிட்டு, நாளைக்குத் தன்னைக் காரைதீவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி சொன்னாள். மெசினையும் கொண்டு போக வேண்டும் என்றாள்.

மறுநாள் சாவடியில் மெசினை இறக்கி, சாக்கை அவிழ்த்து, உள்ளேயெல்லாம் குத்திப் பார்த்த பிறகு விட்டார்கள். கேதீஸ்வரி இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். நோன்பென்று தெரிந்ததால் தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை, பாயை விரித்தாள். பஹ்மிதா சுற்றி வளைக்காமல், முதலில் பூட்டிப் பார்ப்போம், ஓடினால் பிறகு கதைப்போம் என்றாள். கேதீஸ்வரி கொஞ்சம் யோசித்துவிட்டு டின்னைக் கொண்டு வந்தாள். படகைத் தானே எடுத்து, தானே ஓடுபாதையில் வைத்தாள்.

சரியாகப் பொருந்தியது. ஸஹீத் சந்தோசத்தோடு சில்லைச் சுழற்றினான். தையல் விழவில்லை.

அவன் நூலின் இறுக்கத்தைக் கூட்டினான், குறைத்தான். ஊசித்தண்டை ஏற்றினான், இறக்கினான். அடிப்பலகையைக் கழற்றிப் படகு ஓடும் நேரத்தைப் பார்த்தான். எல்லாம் சரியாகவே தெரிந்தது. வியர்வை வழிந்து மெசினில் சொட்டியது. இந்த மெசின் இனி ஒருகாலமும் ஓடாது, கடலில் கொண்டுபோய்ப் போடப் போகிறேன் என்றான்.

கேதீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "ஊசிய எப்படிப் போட்டீங்க தம்பி?"

வழியில் வாங்கிய புது ஊசியைச் சுபைறாவின் மெசினில் இருக்கிற மாதிரியேதான் போட்டிருந்தான். ஊசித்தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்; அந்தப் பக்கம் படகைப் பார்க்க வேண்டும். வட்டக்கூட்டு மெசினில் ஒரு திசை, இதில் அதற்கு நேரெதிர்த் திசை. அவள் ஊசியைக் கழற்றித் திருப்பிப் போட்டு, நூலையும் மறுபக்கத்தால் கோத்தாள். கைபிடியைச் சுழற்றினாள். துண்டுத் துணியில் தையல் கடுகு வைத்த மாதிரி வரிசையாக விழுந்தது. மூவரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கான தையலைச் சுபைறாவின் மெசினிலும் பஹ்மிதா கண்டதில்லை.

ஓடியாகிவிட்டது. இனிக் கதைக்க வேண்டும்.

பஹ்மிதா தொடங்கினாள். பெருநாள்வரை மட்டும் படகை இரவல் தரும்படி கேட்டாள். கேதீஸ்வரி மாட்டேனென்றாள். வீடு எரிந்தபோது மடியில் மிஞ்சிய சாமான் இது, இந்த வீட்டுப் படியை விட்டு இறங்காது என்றாள். அப்படியானால் மெசினும் இங்கே இருக்காது, அது உம்மாவுடையது என்றாள் பஹ்மிதா. சரி, நீ இங்கே வந்து தையேன் என்றாள் கேதீஸ்வரி. நீங்கள் அங்கே வாங்களேன் என்றாள் பஹ்மிதா. சாவடியைத் தாண்டிப் போவதைத் தான் விட்டுப் பல வருசம் என்று கேதீஸ்வரி சொன்னபோது, பஹ்மிதா தலையைக் குனிந்தாள். ஆனால் இறங்கி வரவில்லை.

ஸஹீதுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்குறூ ட்ரைவரை எடுத்தான். "அப்ப கழட்டுறன். அவங்கவங்கட பாதிய அவங்கவங்க வெச்சிக்கங்க" என்றான்.

யாராவது வேண்டாமென்று தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தான். பஹ்மிதா சுவரைப் பார்த்தாள். கேதீஸ்வரி டின்னைத் திறந்து பிடித்தாள். அவன் கழற்றினான். ஆறு கிழமை பாடுபட்டு ஓடவைத்த மெசின் ஒரு பேச்சில் மறுபடியும் ஓடாத மெசினானது. திரும்பி வரும் வழியில் சைக்கிளின் பின்னால் இருந்த பஹ்மிதா மெசினை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆனால் துணிகள் அலுமாரியில் அப்படியே இருந்தன. மறுநாள் காலையில் முதல் வீட்டுக்காரி வந்து, சட்டை தைத்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள். பஹ்மிதா அவள் போகும்வரை சிரித்த முகத்தோடு நின்றாள். பிறகு துணி மூட்டையையும் மெசினையும் கட்டினாள்.

"சைக்கிள எடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து காரைதீவில்தான் தையல். ஸஹீத் காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டிக்கொண்டு வருவான். மெசின் கேதீஸ்வரியின் வீட்டில் நின்றது. தினமும் சாவடியில் சாக்கை அவிழ்க்கப் பஹ்மிதாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் மெசினை நம்பி விட்டுவிட்டு வரவுமில்லை. பின்னேரமானதும் கைபிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். கைபிடி இல்லாமல் எப்படித் தைப்பது? கேதீஸ்வரியும் அதைப் பார்த்துக்கொண்டே படகை எடுத்து டின்னுக்குள் வைப்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை. காலையில் ஒருத்தி கைபிடியைக் கொண்டுவருவாள், மற்றவள் படகைக் கொண்டுவருவாள், மெசின் ஓடும்.

கேதீஸ்வரி நல்ல தையல்காரி. அவள் சும்மா இருக்கமாட்டாமல் பஹ்மிதாவின் கழுத்து வெட்டைத் திருத்தினாள், சுருக்குப் பிடிப்பதைத் திருத்தினாள். பஹ்மிதாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. தனக்கு வந்த துணி, தன் மெசின், யாரோ குறுக்கே வந்து இது இப்படி இல்லை என்று சொல்வதா? வீட்டுக்கு வந்து ஸஹீதிடம் முறையிடுவாள். ஆனால் அடுத்த சட்டையைக் கேதீஸ்வரி சொன்ன மாதிரியே வெட்டுவாள்.

பாதிச் சட்டைகள் முடிந்திருந்தன. பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் எங்கோ வெடிச்சத்தம் கேட்டது. வீதியை மூடிவிட்டார்கள். காரைதீவில் படையினரின் சுற்றிவளைப்பு என்றார்கள். ஸஹீத் சாவடிவரை போய்த் திரும்பினான். மறுநாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். இன்றைக்கு இல்லை என்று கையைக் காட்டினார்கள். துணியெல்லாம் அந்தப் பக்கம், வெட்டியதும் வெட்டாததும்.

வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பஹ்மிதா ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னாள். சிலர் வீதிதானே மூடியிருக்கிறது, நீ என்ன செய்வாய் என்றார்கள். சிலர், எங்கள் துணியை ஏன் அங்கே கொண்டு போனாய் என்றார்கள். கைபிடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள்.

"நான் ஒரு மடைச்சி" என்றாள் ஒரு நாள். "இத நான் எடுத்திட்டு வராம விட்டிருந்தா, அந்த அக்கா கொஞ்சமாவது தச்சி வெச்சிருப்பா."

ஸஹீத் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவக்கிட்டக் கைபிடி இரிக்கி" என்றான்.

"என்ன?"

"அவட ஒடஞ்ச மெசின்லயும் கைபிடி இரிக்கிதானே. ரெண்டும் ஒரே மாதிரி."

பஹ்மிதா அவனையே பார்த்தாள். "இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீ கேட்டியா?"

அதன்பிறகு அவளுடைய கவலை வேறாகிவிட்டது. இத்தனை நாளும் தான் கைபிடியைச் சுமந்து வந்ததைப் பார்த்து அந்தப் பெண் மனதுக்குள் சிரித்திருப்பாள். இப்போது மெசின் முழுசாக அவளிடம், துணியும் அவளிடம். வீதி ஒரு மாதம் திறக்காவிட்டால்? திறந்து போகும்போது மெசின் இல்லையென்று சொன்னால்? சொல்லமாட்டாள் என்று ஸஹீத் சொன்னான். எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியாது. நோன்பின் கடைசி நாட்கள் இப்படிக் கழிந்தன. ஒருவர் கதைத்தால் மற்றவருக்குக் கோபம் வந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் காலையில் வீதி திறந்தது. ஸஹீத் தனியாகத்தான் போனான். பஹ்மிதாவுக்குப் போய்ப் பார்க்கத் துணிவில்லை. ஒழுங்கையில் பாதி வீட்டுக் கதவுகள் இன்னும் மூடியிருந்தன. கேதீஸ்வரி முற்றத்தில் நின்றாள். கண்கள் உள்ளே போயிருந்தன. சுற்றிவளைப்பில் இரண்டு தரம் வீட்டைக் கிண்டிவிட்டுப் போனார்கள் என்று சொன்னாள். மெசினைப் புரட்டிப் பார்த்தார்களாம். துணி மூட்டையை முற்றத்தில் கொட்டினார்களாம். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூசியைத் தட்டி, பயத்தில் வேறு வேலை செய்யக் கையோடாததால் இருந்து தைத்தாளாம். மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாச் சட்டையும் முடிந்து, மடித்து, பித்தானும் வைத்திருந்தது.

ஸஹீத் மூட்டையை இரண்டு கையாலும் வாங்கினான். "பெரிய உதவி அக்கா" என்றான். அவள் அதெல்லாம் வேண்டாமென்று கையை அசைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அளவு சரியோ என்று பார்க்கச் சொன்னாள்.

வீட்டில் பஹ்மிதா மூட்டையை அவிழ்த்தாள். முதலில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு ஒரு வெள்ளைச் சட்டையை உட்புறம் திருப்பினாள், முகம் மாறியது. உள் மூட்டு முழுக்கக் கறுப்பு நூல். அடுத்ததைத் திருப்பினாள், அதிலும் கறுப்பு. ரோசாப்பூ நிறச் சட்டைக்கும் கறுப்பு. வெயிலில் பிடித்தால் வெளியே கோடு தெரிந்தது.

பிரித்துத் தைக்க மெசினும் இல்லை, நேரமும் இல்லை. வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவள் சட்டைகளை அப்படியே கொடுத்தாள். கொடுக்கும்போது ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தாள். சிலர் கவனிக்கவில்லை. ஒருத்தி கவனித்துவிட்டு, வெள்ளைக்குக் கறுப்பு நூலா என்று கேட்டாள். பெருநாள் தொழுகைக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் பஹ்மிதாவின் கண் அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் தேடியது. தன் இரண்டு மகள்களின் சட்டையிலும் அது இருந்தது. அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடித் திரிந்தார்கள்.

பெருநாள் கழிந்து இரண்டாம் நாள் ஸஹீத் அவளைக் காரைதீவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி வெள்ளை நூல்கட்டைகள் வாங்கினாள். நன்றி சொல்லத்தான் போகிறாள் என்று ஸஹீத் நினைத்தான். வாசலுக்குப் போனதும் அவள் முதலில் சொன்னது வேறு.

"அக்கா, வெள்ளச் சட்டைக்கு ஆரும் கறுப்பு நூல் போடுவாங்களா?"

கேதீஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ள நூல் முடிஞ்சிட்டு. ரோட்டு பூட்டு. நான் எங்க போய் வாங்க? டின்னுக்குள்ள என்ட புருசன்ட காற்சட்டைக்கு வாங்கி வெச்ச கறுப்பு நூல் கிடந்திச்சி, அத எடுத்துத்தான் தைச்சன்."

பஹ்மிதா கையிலிருந்த வெள்ளை நூல்கட்டைகளைப் பார்த்தாள். குணத்தின் காற்சட்டைக்கென்று வாங்கிய நூல்கட்டை இத்தனை வருசமாக அந்த டின்னில் இருந்திருக்கிறது. பிறகு பஹ்மிதா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, கை ஓரத்தை மடித்த விதம் மட்டும் நன்றாக இருந்தது, எப்படிச் செய்தது என்று கேட்டாள். கேதீஸ்வரி காட்டினாள், ஆனால் முகம் இன்னும் இளகவில்லை. புதிதாக வந்திருந்த பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் எதை முதலில் தைப்பது என்று மறுபடியும் தர்க்கம் தொடங்கியது. பஹ்மிதா நீலக் காற்சட்டை என்றாள், கேதீஸ்வரி வெள்ளைச் சட்டை என்றாள்.

ஸஹீத் வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சண்டை பிடித்தபடியே மெசினில் துணியை வைத்தார்கள். சுழற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. மறுபடியும் கேட்டது, மறுபடியும் நின்றது.

"தம்பி, இஞ்ச வாங்க" என்றாள் கேதீஸ்வரி. "மெசின் தையல விட்டு விட்டுத் தைக்குது."

"இவரு பூட்டின பூட்டு அப்படித்தான்" என்றாள் பஹ்மிதா.

"ஓம், அண்டைக்கே எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் கேதீஸ்வரி.

அவ்வளவு நாளும் ஒரு விசயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் ஒத்துப்போனார்கள். ஸஹீத் பையிலிருந்து ஸ்குறூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.